மஞ்சக்காமாலைன்னு எழுத வேண்டாம்

வன்னியம்பட்டியில் போய் மாரிக்கனி வீடு எது என்று கேட்டால், எந்த மாரிக்கனி என்று திருப்பிக் கேட்பார்கள். மில்லுக்காரி மாரிக்கனி என்றால்தான் சரியான தெருவுக்கு வழி சொல்வார்கள். கல்யாணமாகி மகாராஜபுரத்துக்கு வாழப் போய், ஒரு பிள்ளையும் பெற்ற பிறகுகூட அந்தப் பேர் அவளை விட்டுப் போகவில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த வருஷம் அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அம்மா சண்முகத்தாய்க்கு மிஞ்சியது ஒரு துண்டு மானாவாரி நிலமும் ஒரு கறவை மாடும்தான். தங்கை கார்த்திகா அப்போது மூன்றாம் வகுப்பு. மேலே படிக்கிறேன் என்று மாரிக்கனியும் கேட்கவில்லை, படி என்று அம்மாவும் சொல்லவில்லை. அம்மாவோடு களையெடுக்கப் போனாள், பருத்தி எடுக்கப் போனாள். பதினெட்டு முடிந்ததும் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சேர்ந்துவிட்டாள்.

ரிங் பிரேம் பிரிவில் வேலை. மெஷின் நிற்காது. அறுந்த இழையை அது ஓடுகிற ஓட்டத்திலேயே பிடித்து ஒட்டிவிட வேண்டும். சேர்ந்த புதிதில் விரல் நுனியெல்லாம் கீறிக்கொண்டு வந்து, சோற்றில் கை வைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். வருஷம் ஒன்று போனபின், புதிதாக வேலைக்கு வரும் பெண்களை சூப்பர்வைசர் அவளிடம்தான் கொண்டுவந்து நிறுத்துவார். பஞ்சுத்தூசி தலையில் அப்பியிருக்க, மில் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து நடந்து வருவாள். "கலெக்டர் ஆபீசுக்குப் போயிட்டு வாரவ மாதிரி வாரா பாரு" என்று பேசியவர்கள் உண்டு. அவள் காதிலும் விழும். அதற்காக அவள் குனிந்து நடந்ததில்லை.

கார்த்திகா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். மில்லைச் சேர்ந்த அறக்கட்டளை ஒன்று ராஜபாளையத்தில் கல்லூரி நடத்துகிறது. தொழிலாளர் வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு முழுவதையும் அவர்களே ஏற்றுக்கொள்வார்கள்; தொழிலாளர் நடுவில் வேலையை விட்டாலும் உதவி நிற்காது. விதியில் 'தொழிலாளரின் பிள்ளைகள்' என்றுதான் இருந்தது. தங்கைக்கு இடம் இல்லை. மாரிக்கனி நேராக மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள்.

"அவளை வளத்தது நாந்தான் சார். எம்பிள்ளைன்னே வச்சுக்கிடுங்க."

மேனேஜர் சிரித்துவிட்டார். ஆனால் மேலே எழுதிப் போட்டார். அறக்கட்டளையும் ஒத்துக்கொண்டது. கார்த்திகா பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். கல்லூரி பஸ்ஸில் அவள் முதல்நாள் ஏறிப் போனபோது மாரிக்கனிக்கு பகல் சிப்ட். மில்லில் அன்றைக்குப் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அந்த வருஷமே அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தங்கப்பாண்டியன் பட்டாளத்துக்காரர். தூரத்துச் சொந்தம்தான். வருஷத்துக்கு இரண்டு லீவு வருவார். கொஞ்சம் பேசுவார், நிறையக் கேட்டுக்கொள்வார். மாரிக்கனிக்குப் பிடித்திருந்தது. மில் வேலையை விட்டுவிட்டு மகாராஜபுரத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா அவளைப் பிரசவத்துக்கு வன்னியம்பட்டிக்கு அழைத்து வந்தாள். கார்த்திகா இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருக்கையில், தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. விக்னேஸ்வரன் என்று பேர் வைத்தார்கள். தங்கப்பாண்டியன் பத்து நாள் லீவில் வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் நடந்தது மாரிக்கனிக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது.

தூக்கம் போனதுதான் முதலில். பிள்ளை தூங்கினாலும் இவள் கண் மூடுவதில்லை. பிறகு ஒருநாள், இது தன் பிள்ளை இல்லை, ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது. நிச்சயமாகத் தெரிந்தது. அம்மா பாலில் என்னவோ கலக்கிறாள் என்றும் தெரிந்தது. அடுக்களைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. கார்த்திகா வெளியே நின்றுகொண்டு, "அக்கா, கதவைத் தொற. நான்தான். வேற யாரும் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்ன குரல் ஞாபகம் இருக்கிறது. எப்படித் திறந்தாள் என்பது ஞாபகம் இல்லை.

காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று சண்முகத்தாய் ஒரு கோடாங்கியைப் பார்க்கக் கிளம்பினாள். கார்த்திகா வாசலை மறித்து நின்றுகொண்டாள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட வருகிற நர்ஸ் காளீஸ்வரியிடம் விஷயத்தைச் சொன்னாள். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இப்படி வரும், வைத்தியம் இருக்கிறது, நாளைக்கே கூட்டிக்கொண்டு போ என்று காளீஸ்வரி சொல்ல, மறுநாள் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சேர்த்து வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லி அனுப்பினார். மாரிக்கனியையும் பிள்ளையையும் கொஞ்ச காலம் தனியாக விடக்கூடாது. எப்போதும் ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஆள் கார்த்திகாதான். அம்மா வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். ஆகவே கார்த்திகா கல்லூரிக்குப் போகவில்லை. பிள்ளைக்குப் பாலாடையில் பால் புகட்டினாள், அக்காவுக்கு மாத்திரை கொடுத்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள், குளிப்பாட்டினாள், தலை வாரிவிட்டாள். அந்த செமஸ்டர் அப்படியே போயிற்று. பரீட்சைக்குப் போனதும் பாதி, எழுதியதும் பாதி. மூன்று பேப்பர் அரியர்.

வெளியே யாருக்கும் தெரியாமல் சண்முகத்தாய் மூடி வைத்தாள். மாமியார் வீட்டுக்கு ரத்தக் குறைவு என்று சொல்லியாயிற்று. போனில் தங்கப்பாண்டியனுக்கும் அதேதான். கல்லூரியில் கேட்டால் வீட்டுல வேலை என்று சொல்லச் சொன்னாள்.

ஆடி பிறக்கும்போது மாரிக்கனி தெளிந்துவிட்டாள். ஒரு காலையில் பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது. இவள் மூக்கு மாதிரியே மூக்கு. அம்புட்டு நாளும் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று நினைத்து நினைத்து அன்று முழுக்க அழுதாள். நல்ல அழுகை. கார்த்திகா அழாதே என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மருந்து தொடர்ந்தது. வீட்டு வேலை மெல்ல மெல்லக் கைக்கு வந்தது. அப்போதுதான் மாரிக்கனி கவனித்தாள். கல்லூரி திறந்து நாளாகியும் கார்த்திகா வீட்டிலேயே இருக்கிறாள். கேட்டால் லீவு என்றாள், இன்னொரு நாள் கேட்டால் ஏதோ ஸ்ட்ரைக் என்றாள்.

உண்மையைக் கொண்டுவந்தது வெள்ளத்தாய். மில்லில் மாரிக்கனிக்குப் பக்கத்து மெஷினில் நின்றவள். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க வந்தவள் பேச்சுவாக்கில் சொன்னாள்:

"ஒந்தங்கச்சி வேலைக்குக் கேட்டு வந்தாளே. நீ போயி நின்ன அதே செக்சன்ல போடுங்கன்னு கேட்டாளாம். ஏன், படிப்பு என்னாச்சு?"

மாரிக்கனி பிள்ளையை அவள் மடியில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். கார்த்திகா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, காலேசுக்கு ஏன் போகல?"

கார்த்திகா வாளியைக் கீழே வைத்தாள். "உதவியை நிப்பாட்டிட்டாக அக்கா. வருகை இல்ல, அரியர் வேற. விதிப்படி நிப்பாட்டிட்டாக."

"எதுக்கு வரலன்னு கேக்கலையா?"

"கேட்டாக. குடும்பச் சூழ்நிலைன்னு எழுதிக் கொடுத்தேன். காரணம் தெளிவா இல்லன்னு திருப்பிட்டாக. இன்னொரு தடவை நேர்ல வந்து சொல்லலாமாம், வீட்டுப் பெரியவங்களோட. ஆவணி கடைசியில கமிட்டி இருக்கு. நான் போகல."

"ஏன்?"

கார்த்திகா வாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பதில் சொல்ல வேண்டியதில்லை. காரணத்தைச் சொன்னால் அது யாருடைய காரணம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வெள்ளத்தாய்க்கு விஷயம் முழுவதையும் அன்று மாரிக்கனியே சொன்னாள். வீட்டாரைத் தவிர வெளியாள் ஒருவரிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. வெள்ளத்தாய் பயந்துவிடவில்லை. பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி கேட்டுவிட்டு, உடனே வழி சொல்ல ஆரம்பித்தாள். அவள் நல்ல மனசுக்காரி.

"இதுக்குப் போயி ஏன் மண்டைய ஒடைக்கிய? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. கார்த்திகாவுக்கு மஞ்சக்காமாலைன்னு சர்ட்டிபிகேட் வாங்கிருவோம். மூணு மாசம் படுத்த படுக்கைன்னு போட்டாப் போதும். மஞ்சக்காமாலைன்னா யாரும் மேக்கொண்டு கேக்க மாட்டாவ."

சண்முகத்தாய்க்கு அது தெய்வவாக்கு மாதிரி இருந்தது. "அதையே செய்யி தாயி. எம்பிள்ளைக ரெண்டும் தப்பிச்சுரும்" என்றாள். கார்த்திகாவும் அக்கா முகத்தைப் பார்த்தாள். கார்த்திகாவின் முகத்தில் ஒரு ஆசை இருந்தது. மாரிக்கனி அதைப் பார்த்துவிட்டாள்.

மாரிக்கனி இரண்டு நாள் யோசித்தாள். தான் வாய் திறந்தால் என்னென்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பைத்தியக்காரி என்பார்கள். பிள்ளையை அவளிடம் விடலாமா என்பார்கள். மாமியார் என்ன செய்வாரோ. தங்கப்பாண்டியன் என்ன நினைப்பாரோ. ஆனால் ஒரு விஷயம் மட்டும் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. கார்த்திகா காய்ச்சல்காரி மாதிரி படுத்துக்கிடக்கவில்லை. பத்தொன்பது வயசுப் பெண், ஒரு உயிரை இல்லை, இரண்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள். அதைப் போய் படுத்துக்கிடந்தாள் என்று எழுதுவதா?

மூன்றாம் நாள் காலையில் சொன்னாள்: "மஞ்சக்காமாலைன்னு எழுத வேண்டாம். கமிட்டிக்கு நான் வாரேன். நடந்ததை நானே சொல்லுதேன்."

சண்முகத்தாய் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டாள். "ஒனக்கு என்னட்டி கேடு? இப்பத்தான தேறி வந்திருக்க. நாலு பேருக்குத் தெரிஞ்சா மகாராஜபுரத்துக்காரவிய என்ன சொல்லுவாவ? பிள்ளைய வாங்கிட்டு ஒன்னைய இங்கயே விட்டுட்டுப் போயிருவாவட்டி."

"முதல்ல அவியகிட்ட சொல்லிருதேன். பொறவு காலேசுல சொல்லுதேன்."

"நான் ஒத்துக்கிட மாட்டேன்."

"நீ வர வேண்டாம்மா. நான் போறேன்" என்றாள் மாரிக்கனி.

தங்கப்பாண்டியனிடம் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. அவர் இருந்த இடத்தில் போன் சரியாக எடுக்காது. நடுநடுவே அறுந்து அறுந்து போகும். சாயங்காலம் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். தூக்கம் போனதில் ஆரம்பித்து மதுரை வரைக்கும் சொன்னாள். பிள்ளையைத் தன்னுடையது இல்லை என்று சொன்னதையும் விடவில்லை. சொல்லி முடித்தாள். போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். அறுபடவில்லை.

"ரத்தக் குறைவுன்னு சொன்னாவளே" என்றார்.

"பொய் சொல்லிட்டோம் மச்சான்."

"நீயும் சொன்னியே, மாரி. போனமாசம்கூட சொன்னியே."

"ஆமா. நானும் சொன்னேன்."

அவர் போனை வைத்துவிட்டார். மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சண்முகத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரிந்தாள். மாரிக்கனி வழக்கம்போல வேலை செய்தாள், மாத்திரை போட்டுக்கொண்டாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள். நாலாம் நாள் போன் வந்தது.

"எனக்குக் கோபம் போகல" என்றார். "ஒனக்கு அப்படி வந்ததுக்கு இல்ல. எங்கிட்ட மறைச்சதுக்கு. நான் லீவு போட்டு வந்திருப்பேன்ல."

"தெரியல மச்சான். பயந்துட்டோம்."

"சரி. நீ போயி சொல்லிட்டு வா. எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன். அவிய என்ன சொன்னாலும் நீ காதுல போட்டுக்கிடாத."

கமிட்டி நாளில் மாரிக்கனி கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த நீலப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். வாசலில் செருப்பைப் போடும்போது சண்முகத்தாய் வந்து பிள்ளையை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். அன்று அவள் களைக்குப் போகவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூடவே வந்தாள்.

ராஜபாளையம் போகும் வழியெல்லாம் மாரிக்கனி மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். டாக்டரம்மா அந்த நோய்க்கு நீளமாக ஒரு பேர் சொல்லியிருந்தார். அதைத்தான் சொல்ல வேண்டும், கௌரவமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கார்த்திகா ஜன்னலோரம் உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கல்லூரி கேட்டில் இறங்கியதும், "அக்கா, திரும்பிப் போயிருவோமா?" என்று கேட்டாள்.

"வந்தாச்சுல்ல" என்றாள் மாரிக்கனி.

அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். முதல்வர். கணிதத் துறைத் தலைவர் ஜெயசித்ரா மேடம். அறக்கட்டளையின் சார்பில் ஒரு பெரியவர், எல்லோரும் ராஜு சார் என்று கூப்பிடுகிறவர். அவர் எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி, "கூர்ச்சோம்மா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, உடனே, "உக்காரும்மா" என்றார். கார்த்திகா உட்கார்ந்தாள். மாரிக்கனிக்கு நின்றுதான் பேச வந்தது. மில்லில் எட்டு வருஷம் நின்ற பழக்கம்.

முதல்வர் கோப்பைப் புரட்டினார். "குடும்பச் சூழ்நிலைன்னு எழுதியிருக்கீங்க. எல்லாருக்கும் குடும்பச் சூழ்நிலை இருக்கும். இதை வச்சு நாங்க என்ன முடிவு எடுக்கிறது?"

கார்த்திகா குனிந்துகொண்டாள்.

"நான் சொல்லுதேன் சார்" என்றாள் மாரிக்கனி. "நான் இவ அக்கா. இவ வராம இருந்தது என்னால." டாக்டரம்மா சொன்ன நீளமான பேர் அந்த நேரத்தில் நாக்குக்கு வரவில்லை. "பிள்ளை பெத்த பொறவு எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு சார்."

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பிக்க முடியாது என்று தோன்றியது.

"எம்பிள்ளைய எம்பிள்ளை இல்லன்னு சொன்னேன். அம்மா கொடுத்த சோத்தைத் தூக்கி எறிஞ்சேன். மதுரை பெரியாஸ்பத்திரியில வச்சுப் பாத்தாவ. வீட்டுக்கு விடும்போது, என்னையும் பிள்ளையையும் தனியா விடக்கூடாதுன்னுட்டாவ. எங்கப்பா இல்ல. அம்மா கூலிக்குப் போகணும். எம்மாப்பிள்ளை பட்டாளத்துல. இவதான் இருந்தா. நான் இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம், நடுவுல இவ படுத்துக்கிடுவா சார். இவ தூங்கிட்டான்னு நெனச்சு எந்திரிச்சா, இவ கை எம்மேல இருக்கும். புஸ்தகத்தைத் தலைமாட்டுல வச்சிருந்தா. தொறக்க முடியல. இப்ப நான் நல்லாருக்கேன். மருந்து சாப்பிடுதேன். எம்பிள்ளையும் நல்லாருக்கான். அதுக்கு ஈடா இவ படிப்பு நின்னு போச்சு."

ஆஸ்பத்திரிச் சீட்டை மேசைமேல் வைத்தாள். முதல்வர் அதைப் பார்த்துவிட்டு ஜெயசித்ரா மேடம் பக்கம் நகர்த்தினார். மேடம் அதைத் தொடாமல் கார்த்திகாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே கார்த்திகா. ரெண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டேனே."

"அக்கா பேரு வெளிய வந்துரும்னு சொல்லல மேடம்" என்றாள் கார்த்திகா.

ராஜு சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ சொன்னதை நான் நம்புறேம்மா. ஆனா விதின்னு ஒன்னு இருக்கு. படிக்கிற பிள்ளைக்கு நோய், இல்ல தாய் தகப்பனுக்கு. இந்த ரெண்டுதான் எழுதி வச்சிருக்கு. அக்காவுக்கு நோய்னா அதுல எடமில்லையே."

மாரிக்கனி இதற்கென்று யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"சேக்கும்போதே தங்கச்சிக்கு எடமில்ல சார். இவளை வளத்தது நாந்தான், எம்பிள்ளைன்னு வச்சுக்கிடுங்கன்னு சொல்லித்தான் சேத்தேன். நீங்களும் ஒத்துக்கிட்டிய. அன்னைக்கு நான் இவளுக்குத் தாயின்னா, இன்னைக்கும் தாயிதான?"

முதல்வர் ராஜு சாரைப் பார்த்தார். ராஜு சார் கோப்பை வாங்கி, முதல் பக்கத்துக்குப் போய், பழைய சேர்க்கைக் குறிப்பை நிதானமாக வாசித்தார்.

"எந்த செக்சன்ல இருந்தம்மா?"

"ரிங் பிரேம் சார்."

அவர் தலையை ஆட்டினார். ஒரு வாரம் கழித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். மாரிக்கனி வராந்தாத் தூணில் சாய்ந்து செத்த நேரம் நின்றாள். போகிற வருகிற பிள்ளைகள் இவர்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். என்ன பதில் வரும் என்று தெரியாது. ஆனாலும் உடம்பில் இருந்த ஏதோ ஒரு பாரம் கழன்று விழுந்துவிட்டது. தன்னை நினைத்துத் தனக்கே ஒரு மரியாதை வந்தது. பிள்ளை பிறந்தபின் அப்படி ஒன்று வந்தது அன்றைக்குத்தான்.

"பசிக்கு ஏட்டி" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டலில் இரண்டு பேரும் புரோட்டா சாப்பிட்டார்கள். கார்த்திகா சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். பரிமாறுகிறவர் சால்னா காரமா இருக்கோ என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனார். அதற்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பதில் வந்தது. உதவி மறுபடியும் உண்டு, ஆனால் ஒரு செமஸ்டருக்குத்தான். கார்த்திகா நவம்பர் பரீட்சையில் பழைய பேப்பர் அத்தனையையும் முடிக்க வேண்டும். மாதாமாதம் வருகையை ஜெயசித்ரா மேடத்திடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்று தவறினாலும் மறுபடி மனுப் போட முடியாது.

கார்த்திகா படித்தாள். பெருமைக்காகக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, அவள் முதல் மார்க் எல்லாம் வாங்கவில்லை. விட்டுப்போன பாடங்களும் புதுப் பாடங்களும் சேர்ந்து அவளைப் போட்டு வதைத்தன. ஒரு பேப்பர் போய்விட்டது என்றுதான் வீட்டுக்கு வந்து சொன்னாள். ரிசல்ட் வந்தபோது அதில் மயிரிழையில் தப்பியிருந்தாள். எல்லாமே தேறியிருந்தது. உதவியும் கடைசி வரைக்கும் தொடர்ந்தது.

மாரிக்கனி விஷயம் ஊரில் பரவாமல் இல்லை. எங்கிருந்து போனது என்று தெரியாது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரேசன் கடையில் நின்றால் ஒருத்தி நகர்ந்து நின்றாள். இன்னொருத்தி பிள்ளையின் கன்னத்தைத் தடவுகிற சாக்கில் இவள் கண்ணையே உற்றுப் பார்த்தாள். மாமியார் நாலு மாதம் போன் பண்ணவில்லை. பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் வந்தபோது, முன்னறிவிப்பு இல்லாமல் மகாராஜபுரத்திலிருந்து வந்து இறங்கினார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுக்களையில் மாரிக்கனி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"மாத்திரை முடிஞ்சுபோச்சா, இன்னும் இருக்கா?"

"இருக்கு அத்தை. இன்னும் ஆறு மாசம் சாப்புடச் சொல்லியிருக்காவ."

"முடிஞ்சதும் வாங்கணும்னா எங்கிட்ட சொல்லு. தங்கப்பாண்டிகிட்ட கேட்டுக்கிட்டு இருக்காத. நானே மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவ்வளவுதான் பேசினார். பங்குனியில் மாரிக்கனி பிள்ளையோடு மகாராஜபுரம் திரும்பினாள்.

அடுத்த ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் பார்க்கச் சொந்தமெல்லாம் வந்திருந்தது. தங்கப்பாண்டியன் லீவில் வந்திருந்தார். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வடம் பிடிக்கிற கூட்டத்துப் பக்கம் போயிருந்தார். மாரிக்கனி அம்மாவோடும் கார்த்திகாவோடும் ரத வீதியில் ஒரு வளையல் கடை நிழலில் ஒதுங்கி நின்றாள். கார்த்திகா பட்டம் முடித்திருந்தாள். பி.எட். சேர இடம் கிடைத்திருந்தது.

சுந்தரபாண்டியத்திலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரி, தங்கபாய், அவர்களைப் பார்த்து வந்து நின்றாள். எல்லோரையும் விசாரித்தாள். பிறகு சண்முகத்தாயின் பக்கம் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மூத்தவளுக்கு என்னமோ ஒரு மாதிரி ஆயிப்போச்சுன்னு சொன்னாவளே, நெசமாவா?" என்று கேட்டாள்.

மாரிக்கனி அம்மாவைப் பார்த்தாள். இதே கேள்விக்குப் பயந்து மாசக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தவள் அம்மா. அவள் முகம் இறுகும், பேச்சை மாற்றுவாள் என்றுதான் நினைத்தாள். தானே பதில் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

சண்முகத்தாய் முந்திக்கொண்டாள்.

"நெசந்தான். பிள்ளை பெத்த பொறவு அவளுக்கு நோவு வந்துச்சு. மனசுல வார நோவு. மதுரையில காட்டிச் சொகமாக்கிட்டோம். சின்னவ படிப்பை விட்டுட்டு அக்காவைப் பாத்தா. மூத்தவ காலேசு கமிட்டியில எந்திரிச்சு நின்னு, எனக்குத்தான் வந்துச்சுன்னு சொல்லி, தங்கச்சி படிப்பை மீட்டுட்டு வந்தா. ரெண்டும் எம்பிள்ளைகதான். வேற என்ன தெரியணும், கேளு."

தேர் அசைந்ததில் கூட்டம் நெருக்கியது. தங்கபாயும் அதில் நகர்ந்து போய்விட்டாள். சண்முகத்தாய் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கார்த்திகாவின் கையைப் பிடித்து வளையல் கடைக்காரர் முன்னால் நீட்டினாள்.

"வாத்தியாரம்மாவா ஆகப்போறா. அந்தப் பச்சையை எடுத்துப் போடுங்க, பாப்போம்" என்றாள்.